ஆங்கிலப் படிவங்களில் வரும் ‘பை’: பக்கமா, ஆளா, திகதியா, அளவா?

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் நாட்களில் கைத்தொலைபேசிகளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிவித்தல்கள் மாறி மாறிச் சுற்றும். ஒரு கதவு ஏற்கெனவே 6 அங்குலம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலச் செய்தி அதை ‘பை 12 இஞ்சஸ்’ (by 12 inches) உயர்த்தியதாகச் சொன்னால் இப்போதைய திறப்பு 18 அங்குலம். ‘டு 12 இஞ்சஸ்’ என்று சொன்னால் 12 அங்குலம். அவசரத்தில் தமிழாக்கும்போது இரண்டுமே ‘12 அங்குலம் உயர்த்தப்பட்டது’ என்று வந்து நிற்கும். கண்டாவளைப் பக்கம், முரசுமோட்டைப் பக்கம் தாழ்ந்த இடத்தில் வீடும் வயலும் வைத்திருப்பவர்களுக்கு அந்த 6 அங்குலம் சின்னக் கணக்கு இல்லை.

இதே ‘பை’தான் கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) கடைசித் திகதிக்கு முன்னால் நிற்கிறது. காணி உறுதியின் ஆங்கிலப் பிரதியில் நான்கு எல்லைகளுக்கும் முன்னால் நிற்கிறது. படிவத்தின் அடியில் ஒப்பமிடும் கோட்டுக்கு மேலேயும் நிற்கிறது. (தமிழ் எழுத்தில் எழுதினால் கடைக்குக் கொண்டுபோகும் பை போலத் தெரியும். நம் எழுத்தில் அதற்கு வேறு வழியில்லை.)

இதற்குத் தமிழில் ஒரே சொல்லைத் தேடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பக்கத்தில், வழியாக, மூலம், ஆல், உள், அளவு, கணக்கில் என்று இடத்துக்கு இடம் வேறு வேறு வடிவம் வேண்டும். எதைப் போடுவது என்பதை ‘பை’ சொல்லாது. அதற்கு அடுத்து வரும் சொல்தான் சொல்லும். அது இடமா, ஆளா, திகதியா, எண்ணா, அலகா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதற்பொருள்: அடி

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் ஒலி ‘பீ’. அருகில், பக்கத்தில் என்பது பொருள். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறந்த சொல் இன்றும் உண்டு. அதுவும் ‘பை’ என்றே ஒலிக்கும்; அருகில், ஒருவரிடத்தில் என்ற பழைய பொருளைப் பெரும்பாலும் விடாமல் வைத்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் இடம் மாறியபோது ‘பீ’ மெல்ல மெல்ல ‘பை’ ஆயிற்று. காலத்தைக் குறித்த ‘டீமா’ இன்று ‘டைம்’ என்று ஒலிப்பதும் அதே மாற்றத்தால்தான்.

வன்னியில் இந்த முதற்பொருளுக்கு அச்சொட்டான சொல் நம்மிடம் உண்டு: அடி. குளத்தடி, கோயிலடி, சந்தியடி, ஆலடி என்கிறோமே, அது. ‘அ ஹவுஸ் பை த டாங்க்’ என்றால் குளத்தடி வீடு. ‘நியர் த டாங்க்’ என்றால் குளத்துக்குக் கிட்ட உள்ள வீடு. அது அரை மைல் தள்ளியும் இருக்கலாம். காணி விளம்பரத்திலோ திட்ட அறிக்கையிலோ இவ்விரண்டையும் ‘அருகில்’ என்று ஒன்றாக்கிவிட்டால் அந்த அரை மைல் காணாமல் போகும்.

பக்கத்தில் நின்ற சொல் ஆளைக் குறிக்கப் போனது எப்படி?

1. முதலில் இடம். குளத்தடியில் நிற்பது.

2. பிறகு பாதை. ஒன்றின் பக்கமாகப் போகிறவர் அதன் வழியாகப் போகிறார். ‘பை த மாங்குளம் றோட்’ என்றால் மாங்குளம் றோட்டு வழியாக. பரந்தனால் வராமல் மாங்குளத்தால் வந்தேன் என்று முல்லைத்தீவில் ஒருவர் சொன்னால் அந்த ‘ஆல்’ உருபும் இதே வேலையைத்தான் செய்கிறது.

3. பாதையிலிருந்து வழிமுறை. பை பஸ், பை போஸ்ட், பை ஹான்ட்.

4. வழிமுறையிலிருந்து செய்தவர். எதன் வழியாக ஒரு காரியம் நடந்ததோ, அதுவே அந்தக் காரியத்தின் கருத்தா ஆகிவிட்டது.

கடைசிப் படி வர நெடுங்காலம் எடுத்தது. பழைய ஆங்கிலத்தில் செயப்பாட்டு வாக்கியத்தின் கருத்தாவுக்கு ‘ஃப்றொம்’, ‘த்ரூ’ ஆகியவற்றின் பழைய வடிவங்களைப் பாவித்தார்கள். பிறகு ‘ஒஃப்’ வந்தது. 1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தில் இயேசு யோவானால் திருமுழுக்குப் பெற்றார் என்ற இடத்தில் இன்றைக்கு எவரும் எழுதக்கூடிய ‘பை ஜோன்’ இல்லை. ‘ஒஃப் ஜோன்’ என்று இருக்கிறது. ‘பை’ அந்த இடத்தை முழுதாகப் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

பழைய பொருள் போகாமல் புதுப்பொருளும் சேர்ந்துகொண்டதால் ஒரே வாக்கியம் இரண்டு விதமாக நிற்க இடமுண்டு. ‘த ஹோல் வோஸ் பில்ட் பை த டாங்க்’ என்றால் மண்டபம் குளத்தடியில் கட்டப்பட்டது. கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு மாதர் சங்கத்தைப் போட்டால் மண்டபத்தைக் கட்டியது சங்கம். இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே. குளம் மண்டபம் கட்டாது என்ற உலக அறிவுதான் பொருளைப் பிரிக்கிறது. தொடருக்குள் இடமும் ஆளும் ஒரே பெயரில் வந்தால் (கோயில், பாடசாலை, சங்கம் எல்லாம் கட்டடமும் ஆகும், நிர்வாகமும் ஆகும்) அந்த அறிவும் கைவிட்டுவிடும். அப்படியான அறிக்கைகளில் இடத்துக்கு ‘பிசைட்’ என்றே எழுதுவது பாதுகாப்பு.

‘ஆல்’ எல்லாவற்றுக்கும் ஆகாது

தமிழர் ஆங்கிலத்தில் எழுதும்போது அதிகம் வழுக்கும் இடம் இதுதான். காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்ற உருபுகளைச் சொல்லி, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி மூன்றையும் அதன் பொருளாக வைக்கிறது. கத்தியால் வெட்டினான்: கருவி. அரசனால் கட்டப்பட்டது: கருத்தா. தம்பியோடு போனான்: உடனிகழ்ச்சி. ஆங்கிலம் இந்த மூன்றையும் வேறு இடத்தில் வெட்டுகிறது. கருத்தாவுக்கு ‘பை’. கருவிக்கும் உடனிகழ்ச்சிக்கும் ‘வித்’. தமிழில் கருவியும் கருத்தாவும் ‘ஆல்’ என்ற ஒரே உருபில் இருப்பதால், கத்தியையும் ‘பை’ என்று எழுதிவிடுகிறோம்.

பொலிஸ் முறைப்பாட்டிலோ வைத்திய அறிக்கையிலோ இதன் விளைவு தெரியும். வெட்டியவரின் பெயருக்கு முன்னால் ‘பை’, கத்திக்கு முன்னால் ‘வித்’ என்று எழுத வேண்டும். கத்திக்கு ‘பை’ போட்டு ஆளை விட்டுவிட்டால், காயம் எப்படியோ பட்டது என்ற தோற்றம் வந்து, வெட்டிய ஆள் ஒருவர் உண்டு என்ற செய்தி மங்கிப் போகும்.

ஆனால் இயற்கைச் சக்திகளும் மிருகங்களும் ஆங்கிலத்தில் கருத்தாவாகவே நடத்தப்படும். வெள்ளம், புயல், தீ, யானை எல்லாம் ‘பை’தான். பயிரழிவு நட்டஈட்டுப் படிவத்தில் ‘டமேஜ்ட் பை’ என்ற இடத்தில் இவற்றை எழுத வேண்டும்.

வழிமுறைக்கும் கருவிக்கும் இடையே ஒரு சின்னச் சோதனை உண்டு. பொதுவான முறை என்றால் ‘பை’. அப்போது ‘அ’, ‘த’, ‘மை’ ஒன்றும் இடையில் வராது. பை பஸ், பை சைக்கிள், பை ஹான்ட். குறித்த ஒரு பொருளைச் சுட்டினால் ‘பை’ விலகும்: என்ர சைக்கிளில் என்பதற்கு ‘ஒன் மை பைசிக்கிள்’. நேரம் குறித்த பஸ் மட்டும் விதிவிலக்கு; ‘பை த 5.30 பஸ்’ சரி. நடந்து போவதும் இந்தக் கூட்டத்தில் இல்லை, அது ‘ஒன் ஃபுட்’.

மறுபக்கம், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ‘பை’ கண்ட இடமெல்லாம் ‘இனால்’ போடுவது சுற்றறிக்கைத் தமிழின் தீராத வியாதி. ‘பிரதேச செயலாளரினால் ஒப்பமிடப்பட்ட கடிதம்’ என்று எழுதத் தேவையில்லை. ‘பிரதேச செயலாளர் ஒப்பமிட்ட கடிதம்’ போதும். பொருள் ஒரு துளியும் குறையாது; வாசிக்கிறவருக்கு மூச்சும் முட்டாது.

திகதிக்கு முன்னால் வரும்போது

பக்கத்தில் என்ற பொருள் காலத்துக்கும் நீண்டது. ஒரு நாளை நெருங்கி, அதைத் தாண்டாமல் என்பதே ‘பை யூன் 15’. அதையும் அதனோடு மயங்கும் மூன்று வடிவங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. ‘பை யூன் 15’: 15ஆம் திகதிக்குள். 15ஆம் திகதியும் சேரும் என்றே வழமையாகக் கொள்ளப்படும்.

2. ‘பிஃபோர் யூன் 15’: 15க்கு முன். கடைசி நாள் 14.

3. ‘அன்டில் யூன் 15’: 15 வரை. தொடர்ந்து நடக்கும் ஒன்றுக்கு மட்டுமே இது பொருந்தும். விண்ணப்பம் ஏற்றல் 15 வரை நடக்கும். ஆனால் ஒருவர் தன் விண்ணப்பத்தை ஒருமுறைதான் கொடுப்பார், அந்தச் செயலுக்கு ‘பை’தான் வேண்டும்.

4. ‘வித்தின் 15 டேய்ஸ்’: 15 நாட்களுக்குள். இங்கே 15 திகதி இல்லை, நாட்களின் எண்ணிக்கை. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்று கடிதத்திலேயே தேட வேண்டும்: கடிதத் திகதியிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா?

முதலாவதும் இரண்டாவதும் தமிழில் அடிக்கடி இடம் மாறுகின்றன. ‘பை’ என்பதை ‘15ஆம் திகதிக்கு முன்னர்’ என்று தமிழாக்கினால் விண்ணப்பதாரருக்கு ஒரு நாள் பறிபோகும். ‘பிஃபோர்’ என்பதை ‘15ஆம் திகதிக்குள்’ என்று எழுதினால் அதைவிட மோசம். 15ஆம் திகதி காலையில் போகிறவருக்கு முன்னால் பெட்டி மூடியிருக்கும். இந்தத் தகராறு தெரிந்தவர்கள் ஆங்கிலத்தில் ‘ஒன் ஓர் பிஃபோர்’ என்றும் தமிழில் ‘அன்றோ அதற்கு முன்னரோ’ என்றும் எழுதுகிறார்கள். நீளம்தான், ஆனால் வாதத்துக்கு இடமில்லை.

கேள்விப்பத்திரங்களில் நாளோடு நேரமும் வரும். ‘பை 2.00 பி.எம்.’ என்றால் 2.00 மணிக்குப் பெட்டி மூடப்படும். அதைத் தொடர்ந்து விலைகள் திறந்து வாசிக்கப்படும். பிந்தி வந்த உறையைத் திறக்காமலே திருப்பி அனுப்புவதுதான் முறை.

இன்னொரு பொறி, ஒரே வரியில் இரண்டு ‘பை’ வருவது. ‘பதிவுத் தபாலில் யூன் 15க்குள் கிடைக்கச் செய்யவும்’ என்ற வாக்கியத்தின் ஆங்கிலத்தில் முதல் ‘பை’ வழிமுறை, இரண்டாவது கெடு. அங்கே பார்க்க வேண்டிய வினைச்சொல் ‘றீச்’. அது இருந்தால் உறை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் நாள்தான் கணக்கு. தபால் முத்திரையில் 14 என்று விழுந்திருப்பது உதவாது. முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு அனுப்புகிறவர்கள் கெடுவிலிருந்து பல நாள் பின்னால் எண்ணித்தான் தபாலில் போட வேண்டும், இடையில் போயாவும் வார இறுதியும் வந்தால் இன்னும் முந்தி.

‘பை த டைம்’ என்று தொடங்கும் வாக்கியம் கடினமாகத் தெரியும், தமிழில் இலகு. ‘பஸ் வருவதற்குள்’ என்பதில் உள்ள ‘உள்’தான் அது.

எண்ணுக்கு முன்னால் வரும்போது

அளவு மாறும் வினைகளில் (உயர்த்து, குறை, கூட்டு) ‘பை’ வித்தியாசத்தைச் சொல்லும், ‘டு’ போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லும். 80 கிலோ பசளையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ‘றிடியூஸ் பை 20’: 20 கிலோ குறைக்க வேண்டும். மிச்சம் 60.

2. ‘றிடியூஸ் டு 20’: 20 கிலோவாகக் குறைக்க வேண்டும். மிச்சம் 20.

3. ‘றிடியூஸ் பை 20 பேர்சன்ட்’: 80இன் 20 வீதம் 16. மிச்சம் 64.

தமிழில் ‘20 ஆல்’, ‘20 ஆக’ என்று இரண்டு எழுத்தில் பிரித்துவிடலாம். ‘20 குறைக்கவும்’ என்று மொட்டையாக விடுவதுதான் ஆபத்து. மருந்துச் சீட்டில் 20 மில்லிகிராம் எடுக்கும் ஒருவருக்கு ‘பை 5’ என்றால் இனி 15, ‘டு 5’ என்றால் இனி 5. சந்தேகம் இருந்தால் ‘இனி மொத்தம் எவ்வளவு?’ என்று வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு அந்த மொத்தத்தையே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வட்டி வீதத்தில் இன்னொரு மடிப்பு இருக்கிறது. 10 வீதமாக இருந்த வட்டி 12 வீதமானால் அது 2 வீதப் புள்ளிகளால் கூடியிருக்கிறது; பழைய வட்டியோடு ஒப்பிட்டால் 20 வீதத்தால் கூடியிருக்கிறது. கடன் கொடுப்பவரின் அறிவித்தல் ‘பை 2’ என்று மட்டும் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்காமல் ஒப்பமிடக் கூடாது. 10 வீதத்தின் 2 வீதம் என்றால் புதிய வட்டி வெறும் 10.2 தான்.

நீள அகலத்தில் வருவது வேறு ‘பை’. ‘10 பை 12’ அறை என்றால் 10 அடிக்கு 12 அடி. நம் மேசன்மார் ‘பத்துக்குப் பன்னிரண்டு’ என்பார்கள். ஒரு பக்கத்தின் அருகில் மறுபக்கத்தை வைத்துச் சொல்வது என்பதால் இது முதற்பொருளுக்குக் கிட்டவே நிற்கிறது. மரத்தில் மட்டும் கவனம்: அமெரிக்க வரைபடங்களில் உள்ள ‘2 பை 4’ சீவி முடிந்தபின் உண்மையில் 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலம். இணையத்தில் கிடைக்கும் கூரை வரைபடத்தை இங்குள்ள மரக்காலைக்குக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு அளவையும் சரிபார்க்க வேண்டும்.

இதே ‘பை’ நம் வகுப்பறைகளில் வகுத்தலுக்கும் வருகிறது. முக்காலை ‘த்ரீ பை ஃபோர்’ என்று வாசிப்பது தெற்காசிய வழக்கம். பிரித்தானியர் ‘த்ரீ குவாட்டர்ஸ்’ என்பார்கள், அல்லது ‘த்ரீ ஓவர் ஃபோர்’. அவர்கள் காதில் ‘த்ரீ பை ஃபோர்’ விழுந்தால் 3 வரிசை, 4 நிரல் கொண்ட கட்டம்தான் நினைவுக்கு வரும், நமக்கு 0.75. வெளிநாட்டு ஆசிரியரோடு இணைய வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. ‘மல்டிபிளைட் பை’, ‘டிவைடட் பை’ இரண்டிலும் ‘பை’ இருப்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும். பெருக்குவதும் வகுப்பதும் முன்னால் உள்ள வினை. ‘பை’ எந்த எண்ணால் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். வினையை விழுங்கிவிட்டு ‘பை’யை மட்டும் மிச்சம் வைக்கும்போது ஆளுக்கொரு கணக்கு வருகிறது.

கூலி, விலை விடயத்தில் ‘பை த’ என்று வரும்: பை த கிலோ, பை த டே, பை த ஏக்கர். நாட்கணக்கில் சம்பளம், ஏக்கர் கணக்கில் உழவு. இங்கே ‘த’ கட்டாயம்.

காணி உறுதியில்

ஆங்கில உறுதியின் அட்டவணைப் பகுதியில் ஒரே பந்தியில் மூன்று வகையான ‘பை’ வருவதுண்டு. ‘மேட் பை’ என்பதை அடுத்து நில அளவையாளர் பெயர்: இது ஆள், வரைபடம் தயாரித்தவர். ‘பவுண்டட் ஒன் த நோர்த் பை’ என்பதை அடுத்து வீதி, வாய்க்கால், அல்லது பக்கத்துக் காணிக்காரர் பெயர்: இது எல்லை. எல்லையில் ஒருவர் பெயர் வந்தால் அவர் இந்தக் காணியில் பங்காளி ஆகமாட்டார்; வடக்குப் பக்கத்துக் காணி அவருடையது என்பதே பொருள். மூன்றாவது ‘பை விர்ச்சு ஒஃப்’: இன்ன இலக்க உறுதியின் வலுவால், அதாவது விற்பவருக்கு உரிமை வந்த வழி. தமிழ்ப் பிரதியில் எல்லைகள் ‘வடக்கு: வீதி’ என்று நேராக வந்துவிடுவதால் குழப்பம் இல்லை. ஆங்கிலப் பிரதியை மட்டும் வைத்திருப்பவர்கள் ‘பை’க்குப் பின்னால் உள்ள பெயர்களை மூன்று நிறத்தில் கோடிட்டுப் பிரித்தாலே பாதி விளங்கிவிடும். பரப்பு ஏக்கர், றூட், பேர்ச் என்று இருக்கும்: 4 றூட் ஓர் ஏக்கர், 40 பேர்ச் ஒரு றூட்.

‘பை’ ஒளிந்திருக்கும் சொற்களும், ‘பை’ போலத் தெரிபவையும்

அழுத்தம் விழாத இடங்களில் பழைய ‘பீ’ குறுகி ‘பி’ என்றே நின்றுவிட்டது. பிஃபோர், பிஹைன்ட், பிலோ, பிசைட், பிட்வீன் எல்லாவற்றின் தலையிலும் இருப்பது இந்தச் சொல்தான். பிட்வீனின் பிற்பாதி இரண்டு என்ற எண்ணோடு உறவுடையது. பிகோஸ் என்பது ‘பை கோஸ்’, காரணத்தால். ‘பட்’ கூட ‘பி’யும் ‘வெளியே’ என்ற சொல்லும் ஒட்டிச் சுருங்கியதே. கிரிக்கெட்டில் துடுப்பில் படாமல் பக்கத்தால் போன பந்துக்குக் கிடைக்கும் ‘பை’ ஓட்டமும் இதே குடும்பம்.

‘குட்பை’ இந்தக் குடும்பம் இல்லை. ‘கடவுள் உன்னோடு இருப்பாராக’ என்ற வாழ்த்துச் சுருங்கியது அது. இங்கிலாந்தின் விற்பி, கிறிம்ஸ்பி, டார்பி போன்ற ஊர்ப்பெயர்களின் ‘பி’யும் வேறு. அது வைக்கிங்குகளின் மொழியில் ஊர். டேனிஷ் மொழியில் இன்றும் அந்தச் சொல்லுக்கு நகரம் என்று பொருள். பிரதேச சபைகள் ஆக்கும் ‘பை-லோ’ பெரும்பாலும் அந்த ஊர் என்ற சொல்லிலிருந்தே, ‘ஊர்ச்சட்டம்’ என்று பிறந்திருக்க வேண்டும். பிறகு ‘பை’ என்றால் பக்கத்தில், பக்கத்தில் என்றால் துணை என்று ஆங்கிலேயரே நினைத்துக்கொண்டார்கள். தமிழில் நாம் உபவிதி, துணைவிதி என்று சொல்வது அந்தப் பிந்திய நினைப்பின் வழியில். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அந்த விதிகளை ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்குத் தருகிறது; ஊருக்குள் செல்லும் சட்டம் என்ற பழைய பொருளே அதற்கு இன்னும் பொருத்தம்.

‘பை’ இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதபோது

செயப்பாட்டு வாக்கியத்தில் கருத்தாவை விட்டுவிட ஆங்கில இலக்கணம் இடம் கொடுக்கிறது. அலுவலகக் கடிதங்கள் அதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது’, ‘தீர்மானிக்கப்பட்டுள்ளது’ என்று வரும். யார் நிராகரித்தார், எந்தக் குழு தீர்மானித்தது என்று இராது. மேன்முறையீட்டை யாருக்கு எழுதுவது என்பது அந்த விடுபட்ட ‘பை’யில்தான் தங்கியிருக்கிறது. கடிதத்தின் அடியில் ஒப்பமிட்டவர் பல வேளைகளில் தீர்மானத்தை அறிவிப்பவர் மட்டுமே.

அப்படியான கடிதம் வந்தால் செய்யக்கூடியவை:

1. கடிதத்தின் கோவை இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, தீர்மானம் எடுத்த பதவி அல்லது குழு எது, எந்தத் திகதியில், எந்தச் சுற்றறிக்கையின் கீழ் என்று அதே அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தமிழில் எழுதலாம், வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி.

2. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தகவல் கொடுப்பதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

3. கேள்வியைச் செய்வினையில் எழுதுங்கள். ‘ஏன் நிராகரிக்கப்பட்டது?’ என்று கேட்டால் பதிலும் செயப்பாட்டிலேயே வரும். ‘யார் நிராகரித்தார்?’ என்று கேட்டால் ஒரு பதவிப் பெயரையாவது எழுதித்தான் ஆக வேண்டும்.